உலகக் கோப்பை வரலாறு எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கால்பந்து உலகக் கோப்பை நெருங்கினாலே வரலாற்றுத் துணுக்குகள் எழுதப் புதியவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். அவற்றைத் திருத்திக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. நாங்கள் எழுத வந்த காலத்தில் செய்த அதே பிழைகள் அப்படியே திரும்பி வருகின்றன. கோல் எண்ணிக்கை மாறுவது, பெயரில் எழுத்து விட்டுப்போவது எல்லாம் யார் கண்ணிலாவது பட்டுவிடும். யார் கண்ணிலும் படாமல் அச்சேறிவிடுகிறவை மட்டும் இங்கே.

வெறுங்கால் கதை

"1950 உலகக் கோப்பையில் வெறுங்காலுடன் ஆட ஃபிஃபா அனுமதிக்கவில்லை, அதனால் இந்தியா போகவில்லை." இந்த வரியை எத்தனை முறை அடித்தாலும் அடுத்த கட்டுரையில் மறுபடி வந்து நிற்கிறது.

பள்ளி மாணவர்களுக்கான ஒரு வினாடி வினா இறுதிச் சுற்றில் இதையே கேள்வியாகக் கேட்டார்கள். ஒரு மாணவி எழுந்து, "நம்ம சம்மேளனமே விலகிக்கிச்சு சார்" என்றாள். தவறு என்று சொல்லிப் புள்ளியை எதிரணிக்குக் கொடுத்துவிட்டார்கள். முடிந்ததும் நடத்தியவரிடம் போய் விளக்கினேன். "எல்லா இடத்திலும் அப்படித்தானே சார் போட்டிருக்கு" என்றார். அந்தப் புள்ளியால்தான் அவள் அணி கோப்பையை இழந்தது. சரியாகப் படித்து வந்த பிள்ளையைத் தப்பாகப் படித்தவள் என்று அனுப்பி வைத்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, நடந்தது என்ன? தகுதிச் சுற்றில் பர்மா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் மூன்றும் விலகியதால் இந்தியா ஒரு ஆட்டமும் ஆடாமல் தகுதி பெற்றது. இத்தாலி, சுவீடன், பராகுவே இருந்த பிரிவில் இடமும் ஒதுக்கியாயிற்று. பயணச் செலவில் பெரும்பகுதியை ஏற்கப் போட்டியை நடத்திய பிரேசில் முன்வந்தது. அப்படியும் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் விலகிக்கொண்டது. பயிற்சிக்கு நேரம் இல்லை, அணித் தேர்வில் கருத்து வேறுபாடு என்பவை சொல்லப்பட்ட காரணங்கள். அன்றைய நிர்வாகிகளுக்கு ஒலிம்பிக்தான் பெரிது. உலகக் கோப்பைக்காகக் கடல் கடந்து போகும் அவசியம் அவர்களுக்குத் தெரியவில்லை. அந்தக் காலத்து முன்னணி வீரர் சைலன் மன்னாவே வெறுங்கால் காரணத்தைப் பின்னாளில் மறுத்திருக்கிறார்.

சந்தேகம் இருந்தால் இரண்டு ஆட்டங்களைப் பாருங்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸுக்கு எதிராக நம்மவர்களில் பெரும்பாலோர் வெறுங்காலில்தான் ஆடினார்கள். சாரங்கபாணி ராமன் ஒரு கோல் போட்டார். கிடைத்த இரண்டு பெனால்டிகளும் வீணாகி, ஆட்டம் முடியும் நேரத்தில் வாங்கிய கோலால் 1-2 என்று தோற்றோம். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலும் பலர் வெறுங்காலில் இறங்கினார்கள்; யூகோஸ்லாவியாவிடம் 1-10. அதற்குப் பிறகுதான் நம் சம்மேளனம் பூட்ஸைக் கட்டாயமாக்கியது. 1950-ல் வெறுங்கால் தடையால் வீட்டில் உட்கார்ந்த அணி, இரண்டே வருடத்தில் அதே வெறுங்காலுடன் ஒலிம்பிக்கில் எப்படி ஆடியிருக்கும்?

இந்தப் பிழைக்காக நான் இவ்வளவு மல்லுக்கட்டக் காரணம் உண்டு. வெறுங்கால் கதையில் பழி வீரர்களின் ஏழ்மை மேல் விழுகிறது, முடிவெடுத்த மேசை தப்பித்துக்கொள்கிறது. அப்புறம், 1950-ன் உலகக் கோப்பையை இன்றைய உலகக் கோப்பையாகவே வாசகர் நினைத்துவிடுகிறார். அந்த ஆண்டு இடம் கிடைத்தும் ஸ்காட்லாந்து போகவில்லை, துருக்கி போகவில்லை. கடைசியில் ஆடியவை 13 அணிகள். ஒரு பிரிவில் உருகுவேயும் பொலிவியாவும் மட்டும்தான். ஒரே ஆட்டத்தை 8-0 என்று வென்று உருகுவே அடுத்த சுற்றுக்குப் போய்விட்டது.

1950 'இறுதிப் போட்டி'

அப்படி ஒன்று இல்லை. உருகுவே, பிரேசில், சுவீடன், ஸ்பெயின் நான்கும் ஒன்றோடொன்று மோதிய இறுதிச் சுற்றில் உருகுவேயும் பிரேசிலும் ஆடிய கடைசி ஆட்டம் அது. சமன் செய்திருந்தாலே பிரேசிலுக்குக் கோப்பை. இதைச் சொல்லாமல் பிரேசில் 1-2 என்று தோற்றதை மட்டும் எழுதினால் ரியோவின் மரக்கானா மைதானம் ஏன் அப்படி உறைந்துபோனது என்பது வாசகருக்குப் புரியாது.

உருகுவேயின் நான்கு நட்சத்திரங்கள்

அணியின் சட்டையில் இருக்கும் நான்கில் இரண்டு உலகக் கோப்பை: 1930, 1950. மற்ற இரண்டும் 1924, 1928 ஒலிம்பிக் தங்கங்கள். 'நான்கு முறை உலகக் கோப்பை' என்று எழுதாதீர்கள்.

கோப்பைப் படம்

1970 வரை ஒன்று, 1974 முதல் வேறு. பெலேவின் கையில் புதியதை வைக்காதீர்கள்.

பெண்கள்

முதல் பெண்கள் உலகக் கோப்பை 1991-ல், சீனாவில்; சாம்பியன் அமெரிக்கா. கடைசிப் பத்தியில் ஒட்டவைக்க வேண்டிய தகவல் அல்ல.

1966 என்றால் இங்கிலாந்து மட்டும்

இங்கிலாந்து நடத்தி வென்ற அந்த உலகக் கோப்பையின் 16 இடங்களில் ஆப்பிரிக்கா, ஆசியா, ஓசியானியா மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு இடம். ஆப்பிரிக்காவில் ஜெயித்தவர்கள் மறுபடி மற்ற கண்டத்து அணியோடும் மோதியாக வேண்டும். கானாவின் தலைமையில் ஆப்பிரிக்க நாடுகள் எதிர்த்தன, மொத்தமாக விலகின. அப்போது ஆப்பிரிக்கக் கோப்பையை 1963, 1965 என்று அடுத்தடுத்து வென்று உச்சத்தில் இருந்த அணி கானா. அதன் வீரர்களுக்கு உலகக் கோப்பையில் ஆடும் வாய்ப்பு போய்விட்டது. பலன் கிடைக்காமல் போகவில்லை. அடுத்த முறை ஆப்பிரிக்காவுக்கென்று தனி இடம் ஒதுக்கினார்கள். 1970-ல் மொராக்கோ மெக்சிகோவுக்கு வந்தது. இறுதிப் போட்டியில் இங்கிலாந்தின் ஜெஃப் ஹர்ஸ்ட் அடித்த பந்து கோல் கோட்டைத் தாண்டியதா என்பதற்குப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள், அதே கட்டுரையில் இதற்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள்.