வழக்கு வந்ததும் மெயில், இ-ஃபைல்களைத் திரட்டுவது எப்படி: டெல்லி செக்ஷன்களுக்கு ஒரு செய்முறை

சாஸ்திரி பவனிலோ ஆர்.கே.புரத்திலோ ஒரு செக்ஷனில் ஏஎஸ்ஓவாக (உதவிப் பிரிவு அதிகாரியாக) இருக்கிறீர்கள். ஒப்பந்தக்காரர் ஒருவர் துறைமீது வணிக வழக்குப் போட்டு, சம்மன் உங்கள் மேஜைக்கு வந்துவிட்டது. "சம்பந்தப்பட்ட மெயில், நோட்டிங் எல்லாம் வேண்டும்" என்று பேனல் வக்கீல் (துறைக்காக வாதாடுபவர்) கேட்கப்போகிறார். நோட்டிங் என்பது கோப்பில் அதிகாரிகள் எழுதும் குறிப்பு. இ-ஆபீஸில் (அரசின் மின்கோப்பு முறை) ஃபைல் நகர்த்தத் தெரியும் என்று வைத்துக்கொண்டு, அதற்கு மேலே உள்ளதைச் சொல்கிறேன்.

சம்மன் கையில் கிடைத்த தேதியை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். வணிக வழக்கில் பதிலுரைக்கு 30 நாள். கோர்ட் அவகாசம் தந்தாலும் 120 நாளோடு கதவு மூடிவிடும். ஆவணங்களும் பதிலுரையோடு சேர்ந்தே போக வேண்டும்.

அன்றைக்கே: அழிப்பதை நிறுத்துங்கள்

தேடுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். 'சி' வகைக் கோப்புகளின் ஆயுள் அதிகபட்சம் 10 ஆண்டு. வீடிங் பட்டியலில் (அழிக்க வேண்டிய கோப்புகளின் பட்டியல்) உங்கள் கோப்பு ஏற்கெனவே ஏறியிருக்கலாம். கோப்பு எண்களைப் போட்டு, வழக்கு முடியும்வரை எதையும் அழிக்க வேண்டாம் என்று ரெக்கார்ட்ஸ் ஆபீஸருக்கும் கணினிப் பிரிவுக்கும் ஒரே நாளில் குறிப்பு அனுப்புங்கள். "மெயில் எல்லாம் ரெக்கார்டா?" என்று யாராவது கேட்பார்கள். 1993-ஆம் ஆண்டு பொதுப் பதிவேடுகள் சட்டம் கணினியில் உருவான எதையும் பொதுப் பதிவேடு என்றே சொல்கிறது. விதிமீறி அழித்தால் 5 ஆண்டுவரை சிறை, 10,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். செக்ஷன் வாட்ஸ்ஆப் குழுவில் செய்தி தானாக மறையும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால் அதையும் அன்றே நிறுத்துங்கள்.

யாரிடம் இருக்கிறது

டெண்டர் தேதியிலிருந்து இன்றுவரை அந்த நாற்காலியில் யார் யார் இருந்தார்கள் என்று எழுதுங்கள். பதவிப் பெயரில் உள்ள மெயில்பெட்டி நாற்காலியோடு இருக்கும். சொந்தப் பெயரில் உள்ளது மாற்றலான அதிகாரியோடு போய்விடும். இரண்டிலும் பார்க்க வேண்டும்.

எடுப்பது

மெயிலை ஃபார்வர்ட் செய்து வாங்காதீர்கள். அப்படி வருவது புது மெயில். எந்த சர்வர் வழியாக எத்தனை மணிக்கு வந்தது என்ற மூலத் தலைப்பு விவரம் அதில் இருக்காது. மெயிலை அப்படியே ஃபைலாகச் சேமிக்கும் இஎம்எல் வடிவில் இறக்குங்கள். பிடிஎஃப் படிக்க மட்டும்.

கணினி ஃபோல்டர்களை எக்ஸ்ப்ளோரரில் இழுத்துப் போட்டால் 'உருவான தேதி' இன்றைய தேதியாகிவிடும். பாதை 260 எழுத்தைத் தாண்டிய ஃபைல்கள் பாதியில் தகராறு செய்யும். விண்டோஸோடு வரும் ரோபோகாப்பி என்ற நகலெடுக்கும் கட்டளைதான் என் தேர்வு: தேதிகளைக் காப்பாற்றும், நீளமான பாதையையும் தாங்கும். ஃபோல்டர் தேதிக்கு டிகாப்பி தெரிவும், பதிவுக் குறிப்புக்கு யூனிலாக் தெரிவும் சேருங்கள். யூனிலாக் இல்லாவிட்டால் இந்தி, தமிழ்ப் பெயர்களெல்லாம் வெறும் கேள்விக்குறிகளாகப் பதியும்.

ஹாஷ்: எல்லாரும் இடறும் இடம்

ஹாஷ் என்பது ஃபைலின் கைரேகை. விண்டோஸின் கட்டளைத் திரையான பவர்ஷெல்லில் கெட்-ஃபைல்ஹாஷ் கட்டளை கொடுத்தால் எஸ்எச்ஏ-256 முறையில் 64 எழுத்து வரும். உள்ளே ஒரு கால்புள்ளி மாறினாலும் ஹாஷே வேறாகிவிடும். ஃபைல் பெயரை மாற்றினால் மாறாது. பலர் இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டு பெயரைத் தொடவே பயப்படுகிறார்கள்.

எப்போது எடுப்பது என்பதில்தான் தப்பு நடக்கிறது. தாக்கல் செய்யும் நாளில் எடுத்தால், திரட்டிய நாளுக்கும் அந்த நாளுக்கும் இடையில் யாரும் திருத்தவில்லை என்று காட்ட ஒன்றுமே இருக்காது. நகலெடுத்த கையோடு, எதையும் திறப்பதற்கு முன் எடுத்துவிடுங்கள்.

ஃபோல்டருக்கு ஹாஷ் கிடையாது, ஃபைலுக்குத்தான். அதனால் சிலர் எல்லாவற்றையும் ஜிப் ஆக்கி அதன் ஹாஷை, ஆவணங்களோடு கோர்ட்டில் தரும் மின்னணுச் சான்றிதழில் எழுதுகிறார்கள். பிறகு வக்கீல் ஆபீஸில் ஒரு ஃபைலைப் பார்க்கப் பிரித்து, திரும்ப ஜிப் செய்து தாக்கல் செய்கிறார்கள். உள்ளே உள்ளவை அப்படியேதான் இருக்கும், ஆனால் புது ஜிப்பின் ஹாஷ் பழையதோடு ஒத்துப்போகாது. எதிர்த்தரப்புக்கு அது போதும். ஃபைல்வாரியாகப் பட்டியல் எடுத்து, அந்தப் பட்டியலுக்கும் ஒரு ஹாஷ் எடுத்து வையுங்கள்.

இ-ஆபீஸ் நோட்டிங்கில் இதே சிக்கல் வேறு உருவில் வரும். கேட்கும்போது உருவாகும் பிடிஎஃப்பில் உருவான நேரமும் உள்ளே பதியும். ஒரே நோட்டிங்கை காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை இறக்கினால் இரண்டு ஹாஷ் வரக்கூடும். முதலில் இறக்கியதையே கடைசிவரை வைத்திருங்கள். மஞ்சள் நோட் வரைவு, பச்சை நோட்தான் உறுதியானது. இரண்டையும் ஒரே கட்டில் கலக்காதீர்கள்.

தேடுவது

மூலப்பிரதியைப் பூட்டிவிட்டு, இன்னொரு நகலில் தேடுங்கள். ஸ்கேன் செய்த பிடிஎஃப் வெறும் படம். ஓசிஆர் (படத்திலுள்ள எழுத்தைப் படித்தெடுக்கும் மென்பொருள்) ஓட்டாமல் தேடினால் எதுவும் சிக்காது. பழைய இந்தி நோட்கள் க்ருதிதேவ் எழுத்துருவிலும், தமிழ்நாட்டிலிருந்து வந்த கடிதங்கள் பாமினி, வானவில் போன்றவற்றிலும் இருக்கும். யூனிகோடில் 'ஒப்பந்தம்' என்று தட்டினால் அவற்றில் ஒன்றும் வராது. யூனிகோடுக்கு மாற்றித் தேடுங்கள், அல்லது உட்கார்ந்து கண்ணால் பாருங்கள். 'ஒன்றும் கிடைக்கவில்லை' என்று எழுதுவதற்கு முன் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

தேதி வடிகட்டியிலும் ஒரு பள்ளம் உண்டு. மெயில் தலைப்பில் நேரம் யூடிசியில் (உலகப் பொது நேரம்) இருக்கக்கூடும். நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால். இங்கே 3-ஆம் தேதி அதிகாலை 2 மணிக்குப் போன மெயில் அங்கே 2-ஆம் தேதி இரவு 8.30. இரு பக்கமும் ஒரு நாள் கூட்டியே தேடுங்கள்.

சான்றிதழ்

பல செக்ஷன்களில் பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு மாதிரிப் படிவம் இன்னும் சுற்றுகிறது. 2024 ஜூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியம் நடைமுறையில் இருக்கிறது. அதன் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ்தான் வேண்டும். பகுதி 'ஏ' உங்கள் தரப்பு, பகுதி 'பி' நிபுணர். கருவியின் மாடல், நிறம், சீரியல் எண், ஹாஷ், எந்த முறை, 24 மணிக் கணக்கில் நேரம் எல்லாம் கேட்கும். பழைய படிவத்தில் ஹாஷுக்கு இடமே இல்லை. நிபுணர் யார் என்று வக்கீலிடம் முதல் வாரமே கேட்டுவிடுங்கள். கடைசி வாரத்தில் ஆள் கிடைக்காது. பதிலுரை உறுதிமொழியில் மெயில்பெட்டி யாருடையது, யார் கையில் இருக்கிறது, யாரெல்லாம் திறக்க முடியும் என்றும் எழுத வேண்டும். முன்பு போட்ட நாற்காலிப் பட்டியல் இங்கே கைகொடுக்கும்.

பின்சேர்க்கை

அட்டவணையை எக்ஸலில் போட்டவர்களுக்குக் கோப்பு எண்கள் மாறிப்போகின்றன. 11/3/2019 என்று தட்டினால் எக்ஸல் அதைத் தேதியாக எடுத்துக்கொள்ளும். தட்டுவதற்கு முன்பே அந்தப் பத்தியை 'டெக்ஸ்ட்' ஆக்கிவிடுங்கள். பிறகு மாற்றினால் ஐந்து இலக்க எண் ஒன்றுதான் மிஞ்சும்.

வாட்ஸ்ஆப் உரையாடலை ஸ்க்ரீன்ஷாட்டாக எடுக்காமல் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். தேதி நாள்-மாதமா, மாதம்-நாளா என்பது போனின் அமைப்பைப் பொறுத்தது. எது என்று பட்டியலில் குறியுங்கள். போனின் ஐஎம்இஐ எண்ணையும் அப்போதே எழுதிக்கொள்ளுங்கள், சான்றிதழ் கேட்கும். வழக்கு முடியும்வரை அந்த போனை எக்ஸ்சேஞ்சில் போடவும் கூடாது, ஃபேக்டரி ரீசெட் செய்யவும் கூடாது.