பிரான்ஸுக்கு படிக்கப் போறீங்களா, முதல் மாசம் இதெல்லாம் முடிச்சிடுங்க

போய் இறங்குனதும் தூக்கம் போட்டுட்டு முதல் வேலையா லாங் ஸ்டே விசாவ ஆன்லைன்ல வேலிடேட் பண்ணிடுங்க, 3 மாசம் டைம் இருக்குன்னு தள்ளிப் போட்டா மறந்தே போயிடும். வாடகை வீட்டுக்கு ஜாமீன் போட ஆள் இல்லையா, 30 வயசுக்குள்ளன்னா விசால்னு (Visale) நமக்காக ஜாமீன் நிக்கற ஒரு திட்டம் இருக்கு, ஃப்ரீதான். அமெலின்னு (Ameli) அங்க இருக்கற அரசு ஹெல்த் இன்சூரன்ஸ் சைட்ல பதிஞ்சா இன்சூரன்ஸும் ஃப்ரீ, ஆனா பர்த் சர்டிஃபிகேட் கேப்பாங்க, அத ஊர்லயிருந்தே எடுத்துட்டு வந்துடுங்க ப்ளீஸ், நான் அதுக்கு அலைஞ்ச அலைச்சல் இருக்கே! பார்ட் டைம் வேலை வருஷத்துக்கு 964 மணி நேரம்தான்.

அப்புறம் கடையோ ஆபீஸோ, வாயத் தொறந்தா முதல்ல 'போன்ஜூர்', அதாவது வணக்கம். நேரா மேட்டருக்குப் போனீங்கன்னா கவுன்டர்ல இருக்கறவங்க நிறுத்தி, நிதானமா 'போன்ஜூர்'னு சொல்லிட்டு நம்மளையே பாப்பாங்க, நாமளும் திருப்பிச் சொன்னாதான் வேலை நகரும். ஞாயித்துக்கிழமை நிறைய கடை மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கி வச்சிடுங்க.