ரீமேப்புக்கு முன் டயர்

வேலூரில் டர்போ கார் வைத்திருப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது ரீமேப்தான்; அதாவது பவர் கூட்டுவதற்காக ஈசியூ என்ற என்ஜின் கணினியில் இருக்கும் மேப்பை (என்ஜினை இயக்கும் அமைப்புகளை) மாற்றுவது. நான் டயரில் தொடங்கச் சொல்வேன். என் போலோ 1.0 டிஎஸ்ஐ-யின் 110 பிஎஸ் பவர், 175 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை) முழுவதும் முன்சக்கரங்கள் வழியாகத்தான் ரோட்டுக்குப் போகிறது. ஏலகிரி கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியரில் அழுத்தி மிதித்தால், உள்பக்கச் சக்கரம் எடை குறைந்து சும்மா சுற்றும். ரப்பர் இறுகிப்போன டயரில் கூடுதல் பவர் ஏற்றி என்ன பயன்? நல்ல டயர், அப்புறம் பிரேக் பேட், பிரேக் ஆயில்.

சரி, இப்போது ரீமேப். மே மாத மதிய வெயிலில் ஓட்டி எடுத்த லாக்கை (என்ஜின் தரவுப் பதிவை) வைத்தே ட்யூன் செய்யச் சொல்லுங்கள். உள்ளே போகும் காற்று சூடானால் நாக் (எரிபொருள் தாறுமாறாக வெடித்து எரிவது) வரும்; ஈசியூ இக்னிஷனை, அதாவது ஸ்பார்க் வரும் நேரத்தை, தாமதப்படுத்தும், பவர் இறங்கிவிடும். மார்கழிக் காலையில் பிரமாதமாக ஓடிய மேப் அக்னி நட்சத்திரத்தில் திணறுவது இதனால்தான். முதல் இரண்டு கியரில் டார்க்கைக் குறைத்தே வைக்கச் சொல்லுங்கள்.

கூடுதல் டார்க்கைக் கிளட்ச் தாங்குகிறதா என்று தெரிய, ரீமேப்புக்குப் பிறகு ஐந்தாவது கியரில் முழுசாக மிதித்துப் பாருங்கள். வேகம் ஏறாமல் ஆர்பிஎம் மட்டும் எகிறினால் கிளட்ச் வழுக்குகிறது. அதை மாற்றும்வரை பழைய மேப்பிலேயே ஓட்டுங்கள்.