குழந்தையின் கார் சீட்: ‘க்ளிக்’ சத்தம் கேட்டால் மட்டும் போதாது

மகள் பிறப்பதற்கு முன்பே கார் சீட் வாங்கிவிட்டோம். கடை ஊழியர் ஒருவரே காரில் வைத்து பெல்ட்டை மாட்டிக் கொடுத்தார், ‘க்ளிக்’ என்று சத்தம் வந்தது, சரி, வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டோம். ஆறாவது வாரத் தடுப்பூசி போட்டுத் திரும்பும்போது ஒரு ஸ்பீடு பிரேக்கரில் சீட் அப்படியே ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வீட்டுக்கு வந்து மேனுவலைப் பிரித்துப் பார்த்தால், பெல்ட் சிவப்பு அடையாளம் போட்ட வழியில் போயிருக்கிறது. அது முன்பக்கம் பார்த்து உட்காரும் பெரிய குழந்தைக்கான வழி. பின்பக்கம் பார்த்து உட்காரும் கைக்குழந்தைக்கு நீலம். நம் ஊரில் விற்கிற கன்வர்ட்டிபிள் சீட்டுகளில் (பின்பக்கமும் முன்பக்கமும் பார்த்து மாட்டக்கூடியவை) பெரும்பாலும் இந்த இரண்டு நிறங்கள்தான், எனவே முதலில் நீலம் எங்கே இருக்கிறது என்று விரலால் தடவிக் கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

“நாங்கள்லாம் சீட்லயா வளந்தோம், கொடு, நான் மடியில வெச்சுக்கிறேன்” என்றார் என் மாமியார். அவரிடம் நான் சொன்ன கணக்கு இதுதான். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் மோதி, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் நின்றால், 8 கிலோ குழந்தை கையை இழுக்கிற விசை 100 கிலோவைத் தாண்டும். இரண்டு சிமெண்ட் மூட்டையை எந்தப் பாட்டியாலும் பிடித்து நிறுத்த முடியாது. சட்டமும் இருக்கிறது: மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவுப்படி, 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையை பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் கூட்டிப்போனால் 1,000 ரூபாய் அபராதம். மாமியார் அபராதத்துக்குத்தான் மசிந்தார்.

பின்பக்கம் பார்த்து ஏன் என்றால், கைக்குழந்தைக்குத் தலை பெரிது, கழுத்து பிஞ்சு. முன்னால் மோதும்போது தலை முன்னுக்குப் பாயாமல், முதுகும் தலையும் கழுத்தும் சேர்ந்து சீட்டின் கெட்டியான வெளி ஓட்டில் பதிந்து அடியை வாங்கிக்கொள்ளும். விண்வெளி வீரர்கள் ராக்கெட்டில் மல்லாந்து படுத்துப் போவதைப் பார்த்துத்தான் ஸ்வீடனில் பெர்ட்டில் ஆல்ட்மன் 1960களில் இந்த யோசனைக்கு வந்தார். அந்த ஊரில் நான்கு வயது வரைகூட பின்பக்கம் பார்த்தே உட்கார வைக்கிறார்கள்.

இடம் பின்சீட்தான். முன்சீட்டில் ஏர்பேக் விரியும் வேகத்துக்கு, அதன் எதிரே முதுகு காட்டி நிற்கிற சீட் குழந்தையோடு சேர்ந்து அடிபடும், உயிருக்கே ஆபத்து. பின்சீட்டின் நடுவில் வெறும் இடுப்பு பெல்ட் மட்டும் இருந்தால், மேனுவல் வெளிப்படையாக அனுமதிக்காத வரை அங்கே வேண்டாம். இடது பக்க ஜன்னலோரம் எனக்கு வசதி, நடைபாதை ஓரமாகவே குழந்தையை இறக்கலாம்.

இனி பொருத்துவது. முன்சீட்டை நன்றாக முன்னால் தள்ளிவிடுங்கள், இடம் வேண்டும். குழந்தை சீட்டை பின்பக்கம் பார்க்கிற நிலைக்கான சாய்வில் வையுங்கள். ஓட்டின் பக்கவாட்டில் ஒரு கோடோ, சின்ன நீர்மட்டக் குமிழோ இருக்கும், கோடு தரைக்கு இணையாக வர வேண்டும். பிறந்த குழந்தைக்கு ஏறக்குறைய 45 டிகிரி. இதைவிட நிமிர்ந்தால், தூங்கும்போது தலை முன்னால் கவிழ்ந்து தாடை நெஞ்சில் முட்டி மூச்சுக் குழாய் மடங்கும். இந்தக் கோட்டை சமதரையில் நிறுத்தித்தான் பார்க்க வேண்டும். நான் முதலில் எங்கள் அபார்ட்மெண்ட் சரிவுப் பாதையில் நிறுத்திப் பார்த்து, அரை மணி நேரம் வீணாகப் போராடினேன்.

அப்புறம் பெல்ட். கார் பெல்ட்டை முழுக்க இழுத்து, முறுக்கு விழாமல் நீல வழியில் செலுத்தி பக்கிளில் மாட்டுங்கள். தோள் பகுதி சில மாடல்களில் அதே வழியில் போகும், சிலவற்றில் சீட்டின் முதுகைச் சுற்றி வரும், இதை மட்டும் மேனுவலைப் பார்க்காமல் ஊகிக்காதீர்கள். இங்கேதான் பலர் ‘க்ளிக்’ கேட்டதும் எழுந்துவிடுகிறார்கள். உண்மையான வேலை இனிமேல்தான். சீட்டின் அடிப்பகுதியில் ஒரு கையை ஊன்றி உடம்பு எடையைப் போட்டு அழுத்திக்கொண்டே, முதலில் இடுப்புப் பகுதியின் தளர்வை இழுத்து, அதைத் தோள் பகுதி வழியாக, பெல்ட் சுருண்டுகொள்ளும் ரீலுக்குள் ஓட விடுங்கள். இரண்டு மூன்று தடவை இழுக்க வேண்டியிருக்கும், வியர்க்கும். நம் கார் பெல்ட் சடாரென்று இழுத்தால்தான் பூட்டும், மெல்ல இழுத்தால் வந்துகொண்டே இருக்கும். அதனால் குழந்தை சீட்டில் பெல்ட்டைக் கவ்வும் கிளிப் இருந்தால், தளர்வு போனதும் அதை மறக்காமல் மூடிவிடுங்கள்.

சோதனை: பெல்ட் போகும் இடத்தில் பிடித்து இடவலமாகவும் முன்பின்னாகவும் ஆட்டிப் பாருங்கள். 2.5 சென்டிமீட்டருக்கு மேல் நகரக் கூடாது. மேல் நுனியைப் பிடித்து ஆட்டினால் கொஞ்சம் ஆடத்தான் செய்யும், அதைப் பார்த்து பயப்பட வேண்டாம். கார் பெல்ட்டின் உலோக பக்கிள் ஓட்டின் விளிம்பில் மடங்கி உட்கார்ந்திருந்தால் அழுத்தத்தில் உடையலாம், அந்த இடத்தை மாற்றிப் பாருங்கள். சில கார்களில் பெல்ட் நீளமே போதாது, எனவே வாங்கும் முன் உங்கள் காரில் வைத்துப் பார்ப்பது நல்லது.

ஐசோஃபிக்ஸ் (பெல்ட் இல்லாமல், காரிலேயே இருக்கும் உலோகக் கொக்கிகளில் சீட்டைப் பூட்டும் முறை) இருந்தால் வேலை சுலபம், ஆனால் ஒரு சிக்கல். சில கன்வர்ட்டிபிள் சீட்டுகளில் ஐசோஃபிக்ஸ் முன்பக்கம் பார்க்கும்போது மட்டும்தான், பின்பக்கம் பார்க்க பெல்ட்தான். அட்டைப்பெட்டியில் பெரிதாக ‘ஐசோஃபிக்ஸ்’ என்று இருப்பதை நம்பி மாட்டிவிடாதீர்கள். சீட்டிலிருந்து கார் தரைக்கு ஊன்றும் தாங்கு கால் உள்ள மாடலாக இருந்தால், அந்தக் காலை, தரைக்கு அடியில் சாமான் வைக்கும் குழி இல்லாத இடத்தில் ஊன்ற வேண்டும்.

கார் பெல்ட் சீட்டைப் பிடிக்கிறது, குழந்தையைப் பிடிப்பது சீட்டிலேயே இருக்கும் உள்பட்டை நாடாதான். பின்பக்கம் பார்க்கும் குழந்தைக்கு, தோள்பட்டை நாடா தோளுக்கு நேராகவோ சற்றுக் கீழேயோ உள்ள துளையில் இருந்து வர வேண்டும். மேலே இருந்து வரக் கூடாது. இறுக்கிய பின் தோள் அருகே நாடாவை இரு விரலால் கிள்ளிப் பாருங்கள், மடிப்பு பிடிபட்டால் இன்னும் இறுக்க வேண்டும். ஊட்டி, கொடைக்கானல் போனால் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு நாடாவை இறுக்கி, மேலே போர்வையைப் போர்த்துங்கள். கம்பளி அடியில் இருந்தால் நாடா இறுக்கமாகத் தெரியும், ஆனால் இடைவெளி இருக்கும்.

கால் மடங்கியிருக்கிறதே, திருப்பிவிடலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். சம்மணம் போட்டு உட்காரும் ஊரில் கால் மடங்குவது ஒரு பிரச்சினையா? மேனுவலில் பின்பக்கத்துக்கு எழுதியிருக்கும் எடை (13 கிலோவோ, 18 கிலோவோ) அல்லது உயர எல்லை வரும் வரை திருப்ப வேண்டாம்.

ஏப்ரல், மே வெயிலில் நிறுத்திய காரில் பக்கிள் சுடும், குழந்தையை உட்கார வைக்கும் முன் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். நீண்ட பயணத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது இறக்கி நீட்டிப் படுக்கவிடுங்கள், பிறந்து சில வாரமே ஆன குழந்தை என்றால் இன்னும் அடிக்கடி. வீட்டுக்கு வந்தும் சீட்டிலேயே தூங்க விடக் கூடாது.

காரை சர்வீசுக்கோ வாட்டர் வாஷுக்கோ விட்டு எடுத்தால் சீட்டைக் கழற்றி மாட்டியிருப்பார்கள். ஒருமுறை எங்களுக்கு பெல்ட் மறுபடியும் சிவப்பு வழியில் வந்து சேர்ந்தது. அதிலிருந்து சரியாக மாட்டிய பெல்ட்டை ஒரு போட்டோ எடுத்து போனில் வைத்திருக்கிறேன்.