ஷீட்டு வேலை செய்தவர் மாத்திரை கேட்டு வந்தால்

போன ஐப்பசியில் ஒரு மழை நாள். திருத்துறைப்பூண்டியில் என் மருந்துக்கடைக்கு சித்தப்பா செல்போனை நீட்டிக்கொண்டே வந்தார்.

"பாப்பா, ஷீட்டுத் தூசிக்கு ஆஸ்பிரின் நல்லதாம்ல? தெனம் ஒண்ணு போட்டா கேன்சர் வராதாம். ஒரு அட்டை குடு."

30 வருஷத்துக்கு மேல் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு மாட்டியவர். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து ஓய்ந்த பிறகு மூன்று மாதம் வேதாரண்யம், தலைஞாயிறு பக்கமே கிடந்தார். மாட்டுக்கொட்டகை, அரிசி மில், கல்யாண மண்டபம் என்று எல்லாக் கூரையும் பிய்ந்து கிடந்த நேரம். கூட வேலை பார்த்த ஒருவர் நெஞ்சில் நீர் கோத்து இறந்ததிலிருந்து சித்தப்பாவுக்கு ராத்தூக்கம் இல்லை. அந்தப் பயம் நியாயமானது. ஆனாலும் அட்டையை நான் கொடுக்கவில்லை. அவரை ஸ்டூலில் உட்காரவைத்துச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் யாராவது இப்படிக் கேட்டால் உதவும்.

முதலில் கேட்க வேண்டியது: எலியிடம் பார்த்ததா, மனுஷனிடம் பார்த்ததா? ஆஸ்பெஸ்டாஸ் நார் நுரையீரலுக்குள் போனால் கரையாது. அது குத்திக்கிடக்கும் இடத்தில் செல்கள் செத்து, வருஷக்கணக்கில் அழற்சி (உள்ளுக்குள் வீக்கமும் எரிச்சலும்) நடக்கும். நுரையீரலைச் சுற்றியுள்ள மெல்லிய உறையில் மீசோதீலியோமா என்ற புற்று தலைகாட்ட பெரும்பாலும் 20, 30, 40 வருஷம் ஆகும். அழற்சிதான் வழி என்றால் அழற்சியை அடக்கும் ஆஸ்பிரின் உதவாதா என்று ஆராய்ச்சியாளர்கள் கேட்டது சரியான கேள்வி. ஹவாயில் நடந்த ஆய்வில் எலிகளுக்கு வைத்த கட்டி ஆஸ்பிரினால் மெதுவாக வளர்ந்தது; 2015ல் வெளியானது. அதற்கு முந்தின வருஷம் மேற்கு ஆஸ்திரேலியாவில், ஆஸ்பெஸ்டாஸ் ஏற்றிய எலிகளிலும், அந்தத் தூசியில் இருந்த மனிதர்களின் பதிவுகளிலும் பார்த்தபோது, ஆஸ்பிரின் வகை வலிமாத்திரைகள் நோய் வராமல் தடுத்ததாகத் தெரியவில்லை. கொழுப்புக்குப் போடும் ஸ்டாட்டின் மாத்திரையிலும் அதே கதைதான். வந்த கட்டியை மெதுவாக்குவது வேறு, வராமலே தடுப்பது வேறு. செல்போனில் வரும் செய்தி இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது.

இரண்டாவது கேள்வி: மாத்திரை போட்டவர்களையும் போடாதவர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்களா? இதைக் கேட்காததால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த 'கேரட்' (CARET) என்ற பெயருள்ள மாத்திரைச் சோதனையைச் சொல்வேன். காய்கறி, பழம் நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு நுரையீரல் புற்று குறைவு என்று தெரிந்திருந்தது. அப்படியானால் அதிலுள்ள பீட்டா கரோட்டினையும் வைட்டமின் ஏ-யையும் மாத்திரையாகக் கொடுத்தால் என்ன என்று, புகைபிடித்தவர்களும் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளிகளுமாக 18,314 பேரைச் சேர்த்தார்கள். ஒரு பாதிக்கு நிஜ மாத்திரை, மறு பாதிக்குப் பார்க்க அதே மாதிரி வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. 1996 ஜனவரியில் பாதியில் நிறுத்தினார்கள். நிஜ மாத்திரை போட்டவர்களுக்கு நுரையீரல் புற்று 28 சதவீதம் அதிகம், மரணம் 17 சதவீதம் அதிகம். காக்க என்று கொடுத்த வைட்டமின்! ஷீட்டு வேலை செய்தவர், பீடி பிடித்தவர் யார் வந்தாலும் பீட்டா கரோட்டின் மாத்திரையை நான் எடுத்துக் கொடுப்பதில்லை. கேரட்டும் முருங்கைக்கீரையும் சாப்பிடுங்கள், அதில் பயமில்லை.

மூன்றாவது: அந்த மாத்திரை உடம்பில் வேறு என்ன செய்யும்? ஆஸ்பிரின் வயிற்றுப்புண்ணில் ரத்தம் கசிய வைக்கும். நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் டெங்கு வரும்; டெங்குக் காய்ச்சலில் ஆஸ்பிரின் போடுவது உயிரோடு விளையாடுவது. அதே சமயம், இதயத்துக்காக டாக்டர் எழுதித் தந்த ஆஸ்பிரினை இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள்.

இன்றைக்கு ஆஸ்பெஸ்டாஸ் புற்றைத் தடுக்கும் என்று மனிதர்களிடம் நிரூபித்த மாத்திரை எதுவும் இல்லை. அப்புறம் என்னதான் செய்வது?

பீடியை விடவேண்டும். ஆஸ்பெஸ்டாஸும் புகையும் சேர்ந்தால் நுரையீரல் புற்றின் ஆபத்து பல மடங்கு ஏறும். மீசோதீலியோமாவுக்குப் புகை காரணமில்லை, அது உண்மைதான். ஆனால் ஷீட்டு வேலை செய்தவர்களை நுரையீரல் புற்றும் கொண்டுபோகிறது. அதைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது.

கூரையில் இருக்கிற நல்ல ஷீட்டை நோண்டாதீர்கள். கழற்றியே ஆகவேண்டுமென்றால் தண்ணீர் ஊற்றி நனைத்து, முழுசாக இறக்குங்கள். கட்டிங் மெஷின் வேண்டாம், கம்பி பிரஷ் வேண்டாம். வாயில் துண்டு கட்டுவதும் என்-95 மாஸ்க்கும் இந்த நாருக்குப் போதாது, பி-100 வடிகட்டி வைத்த முகக்கவசம் போடுங்கள். உடைந்த துண்டுகளைக் கொட்டகைத் தரையில் போட்டு மிதிக்கவிடுகிறோமே, கஜாவுக்குப் பிறகு எத்தனை வீட்டில் பார்த்தேன், அதுதான் மோசம். மாடும் டிராக்டரும் அதை மாவாக்கிவிடும்.

மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு ஒரு பக்கமாக வலித்தாலோ திருவாரூர் அல்லது தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நெஞ்சக நோய் மருத்துவரைப் பாருங்கள். "நான் ஷீட்டு வேலை பார்த்தவன்" என்பதை வாயைத் திறந்து முதலிலேயே சொல்லுங்கள். நெஞ்சில் நீர் என்றாலே நம்மூரில் முதலில் டிபி ஞாபகம்தான் வரும்.

கடைசியாக, ஒரு 40 பக்க நோட்டு. ஆஸ்பெஸ்டாஸ் தொழிற்சாலைத் தொழிலாளியின் மருத்துவக் குறிப்பைக் குறைந்தது 40 வருஷம் வைத்திருக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995ல் உத்தரவிட்டது. கூலிக்குக் கூரை ஏறியவருக்கு யார் வைப்பார்கள்? நாமேதான் எழுதவேண்டும்: எந்த வருஷம், எந்த ஊர், அறுத்தாரா, மாட்டினாரா, எத்தனை நாள்.

அன்று ராத்திரி சித்தப்பா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மன்னார்குடி, முத்துப்பேட்டை, பேரளம் என்று இரண்டரைப் பக்கம் வந்தது. சித்தி அடுப்படி நிலையில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவரு லுங்கிய தெனம் கொல்லையில நான்தானே உதறுவேன். வெள்ளையா பறக்கும்" என்றார்.

தொழிலாளியின் துணியைத் துவைத்தே இந்த நோய் வந்த பெண்கள் உலகம் முழுக்க உண்டு. புதுப் பக்கம் திருப்பி, மேலே சித்தியின் பெயரை எழுதி, எந்த வருஷத்திலிருந்து என்று கேட்டேன்.