கப்பலில் தனியாகப் போறீங்களா? அறை நம்பரைச் சொல்லாமலே நட்புப் பிடிக்கலாம்

மட்டக்களப்பில் ஒரு புது முகத்தைக் கண்டால் நாம் கேட்பது எந்த ஊர், ஆருடைய மகள், என்ன குடி, இப்ப எங்க நிக்கிறீங்க என்பதுதான். ஐந்து நிமிசத்துக்குள் கல்லடியிலோ களுவாஞ்சிக்குடியிலோ இரண்டு பக்கத்துக்கும் தெரிந்த ஒரு சொந்தம் வெளியே வந்துவிடும், அதோடு அவர் நம்முடைய ஆள். பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று வெளியூர் ஆட்கள் நம்மைப் பற்றிச் சொல்வது இந்த ஒட்டுதலைத்தான் என்று நான் நினைக்கிறேன், அதில் எனக்குப் பெருமையும் உண்டு. ஆனால் ஒரு சுற்றுலாக் கப்பலில் இரண்டாயிரம் மூவாயிரம் பேர் இருந்தாலும், "இவன் இன்னாருடைய மகன், நல்ல பொடியன்" என்று சொல்லித் தர அங்கே ஒருவரும் இல்லை. அதே கேள்விகளை அங்கே யாராவது நம்மிடம் கேட்டால், பழக்கதோசத்தில் வாய் எல்லாவற்றையும் கொட்டிவிடும். தனியாகப் போகிற நம்முடைய பெண்களுக்கு நான் முதலில் சொல்ல நினைப்பது இதைத்தான்.

நான் போனது சிங்கப்பூரில் ஏறி மலேசியாவின் பினாங்கு, தாய்லாந்தின் புக்கெட் பார்த்துத் திரும்புகிற நாலு இரவுப் பயணம். கூட வர இருந்த அக்காவுக்குக் கடைசி நேரத்தில் சுகமில்லாமல் போனது, காசு கட்டியாயிற்று, தனியாகவே ஏறினேன். 2023 ஜூனில் சென்னையிலிருந்து வந்த சுற்றுலாக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று நம் நாட்டுத் துறைமுகங்களைத் தொட்டதிலிருந்து, "தனியாப் போகலாமா டீச்சர்?" என்று என்னிடம் கேட்கிற பிள்ளைகள் கூடிவிட்டார்கள். போகலாம். ஆட்களோடு பழகவும் வேண்டும், அறைக்குள் முடங்கிக் கிடக்கவா இவ்வளவு காசு கட்டுவது?

வீட்டில் இருந்தே தொடங்குங்கள். கப்பலின் பெயர், எந்தத் திகதி எந்தத் துறைமுகம், அறை நம்பர், காப்புறுதி இலக்கம், ரிக்கெட் போட்ட ஏஜென்டின் நம்பர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, நிதானமான ஒரு ஆளிடம் கொடுங்கள். அம்மாவிடம் கொடுத்தால் அவர் முதல் நாளே பயந்துவிடுவார் என்றால் தம்பியிடம் கொடுங்கள். நடுக்கடலில் நம்முடைய சிம்முக்குச் சிக்னல் இல்லை, கப்பலில் இருக்கிற மொபைல் நெட்வொர்க்கைப் போன் தானாகப் பிடித்துக்கொண்டால் ரோமிங் பில் தாங்க முடியாது, ஆகவே ஏறியவுடன் ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டுத் தேவையென்றால் கப்பலின் வைஃபையை வாங்குங்கள். ஒரு நாள் முழுக்கச் சத்தமில்லாமல் இருப்பது சாதாரணம் என்பதை வீட்டில் சொல்லி வையுங்கள். கரையில் இறங்கிய நாளில் இரவுக்குள் மெசேஜ் வராவிட்டால் மட்டும் ஏஜென்டைக் கூப்பிடட்டும். பேஸ்புக்கில் படம் போடுவது திரும்பி வந்த பிறகு. "நான் கடலில், வீடு பூட்டிக் கிடக்குது" என்று ஊருக்கே அறிவிப்பதும் அதே படம்தான்.

ஏறியதும் அறைக்கதவைப் பாருங்கள். இழுத்துச் சாத்தினால் தானாகப் பூட்டுகிறதா, உள்பக்கத் தாழ்ப்பாள் விழுகிறதா, வெளியே நிற்கிறவரைப் பார்க்கிற சின்னக் கண்ணாடித் துவாரம் இருக்கிறதா? ஏதாவது ஒன்று சரியில்லை என்றால் அன்றைக்கே ரிசெப்ஷனில் சொல்லித் திருத்த வேண்டும். அறையைத் துப்புரவு செய்கிறவரின் முகத்தையும் பெயரையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்காத சாப்பாட்டோடு யாராவது கதவைத் தட்டினால் திறக்காமல் அறைப் போனில் ரிசெப்ஷனைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

பிறகு அந்த அவசரகாலப் பயிற்சி. களைப்பாக இருக்கிறது என்று படுத்துவிடாதீர்கள். 2012 ஜனவரியில் இத்தாலியின் ஜிக்லியோ தீவுக்கருகே கோஸ்டா கொன்கோர்டியா என்ற சுற்றுலாக் கப்பல் பாறையில் மோதி 32 பேர் இறந்தபோது, அன்றுதான் ஏறிய நூற்றுக்கணக்கானவர்களுக்கு இன்னும் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதனால்தான் சர்வதேச விதி மாறி, 2015இலிருந்து கப்பல் புறப்படுமுன்னோ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடக்கிறது. ஏழு சின்ன ஊதல், பிறகு ஒரு நீண்ட ஊதல் கேட்டால் எங்கே போய் நிற்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், பக்கத்தில் இழுத்துக்கொண்டு போக நம்முடைய ஆள் யாரும் இல்லை.

சரி, நட்புக்கு வருவோம். நல்ல இடம் சாப்பாட்டு மேசை. ரிக்கெட் போடும்போதே, ஒவ்வொரு இரவும் ஒரே நேரம் ஒரே மேசை, மற்ற ஆட்களோடு சேர்ந்த பெரிய மேசை என்று கேளுங்கள். நாலு இரவும் அதே முகங்கள் வரும். முதல் நாள் சிரிப்பு, இரண்டாம் நாள் பிள்ளைகளின் படம், மூன்றாம் நாள் ஒருவர் வெயிட்டரோடு எப்படிக் கதைக்கிறார், மனைவியை எப்படிக் கூப்பிடுகிறார் என்பதெல்லாம் தெரிந்துவிடும். தனியாக வந்தவர்களுக்கென்று பல கப்பல்களில் ஒரு சந்திப்பும் வைப்பார்கள், அன்றன்றைக்கு வருகிற நிகழ்ச்சித் தாளில் பாருங்கள். காலை நடை, கைவேலை வகுப்பு, கேள்வி-பதில் போட்டி எல்லாமே நல்லது, ஏனென்றால் வெளிச்சம் இருக்கும், சனம் இருக்கும், எழும்பிப் போவதும் லேசு.

எனக்கு அந்த மேசையில் கிடைத்தவர் மலேசியாவின் ஈப்போவிலிருந்து வந்த ஓய்வுபெற்ற தாதி ஒருவர், அவரும் தனி. "நீங்க சிலோனா?" என்று கேட்டுத்தான் தொடங்கினார். முதல் இரவே அவர் ஒரு வழி சொன்னார். "காலையில எட்டு மணிக்கு இதே தளத்துல பசியாற வருவேன், நீங்களும் வாங்க. வராட்டி உங்க பேரை கவுண்டர்ல சொல்லித் தேடச் சொல்வேன், நீங்களும் எனக்கு அப்படியே செய்யணும்." அறை நம்பரைக் கேட்கவில்லை, போன் நம்பரைக் கேட்கவில்லை. பெயர் மட்டும் போதும். நாலு நாளும் அப்படியே செய்தோம். நான் ஒரு நாள் எட்டரை மணிக்குப் போனபோது அவர் சாப்பிடாமல் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். தனியாகப் போகிற ஒவ்வொரு பெண்ணும் இப்படி ஒருவரை முதல் நாளே பிடித்துக்கொள்ள வேண்டும் என்பேன்.

அறை நம்பர் விசயத்தில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். இரண்டாம் நாள் ரிசெப்ஷனில் ஒரு துவாய் கேட்டேன், அங்கிருந்தவர் அறை நம்பரைக் கேட்டார், நான் சத்தமாகச் சொன்னேன். பின்னால் ஒரு மனிதர் வரிசையில் நின்றார். அன்று இரவு பத்தரை மணிக்கு லிப்டில் அவரும் ஏறினார். நல்ல தமிழ், நல்ல உடுப்பு. "அக்கா எட்டாம் மாடிதானே, நானும் அந்தப் பக்கம்தான், வாங்க கதைச்சிட்டுப் போவம்" என்றார். கை எட்டாம் பொத்தானுக்குப் போய்விட்டது, அங்கேயே நிறுத்திவிட்டேன். "இல்லை தம்பி, என்னை மேல பாத்துக்கொண்டு நிக்கிறாங்க" என்று சொல்லி, சாப்பாட்டுத் தளத்தின் பொத்தானை அமத்தினேன். அங்கே இறங்கி ஆட்களுக்குள் கால் மணித்தியாலம் இருந்துவிட்டு, ரிசெப்ஷனுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். பாதுகாப்புப் பிரிவுப் பெண் ஒருவர் அறைவாசல் வரைக்கும் கூட வந்தார். அந்த மனிதர் கெட்டவர்தானா என்று எனக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. தனியாக வந்த ஒரு பெண்ணின் மாடியை அவர் நினைவில் வைத்திருந்ததே போதும்.

ஆகவே நம்பர் கேட்டால், ஏறும்போது தருகிற கப்பல் கார்டைக் காட்டுங்கள், அல்லது தாளில் எழுதிக் கொடுங்கள். லிப்டில் மற்றவர்கள் பொத்தானை அமத்திய பிறகு அமத்துங்கள். யாரோ பின்னால் வருகிற மாதிரி இருந்தால் அறைக்குப் போகாமல் சனம் உள்ள இடத்துக்குப் போங்கள். "தனியாவா வந்தீங்க?" என்று கேட்டால் "கூட வந்த ஆட்கள் நிக்கிறாங்க" என்று சொல்வது பொய்யாக இருந்தாலும் அதற்காக மனம் வருந்தாதீர்கள். தமிழ் கேட்டவுடன் நமக்கு ஒரு உருக்கம் வரும், வெளிநாட்டில் இன்னும் கூடுதலாக வரும், அது நல்ல உருக்கம்தான், ஆனால் தமிழ் தெரிந்திருப்பது ஒருவருக்கான நற்சான்றிதழ் ஆகாது. புதுசாய்ப் பழகியவரின் அறைக்குப் போவதும், அவரை நம்முடைய அறைக்குக் கூப்பிடுவதும் வேண்டாம், ஒரு தேத்தண்ணி குடிக்கக் கப்பல் முழுக்க இடம் இருக்கிறது.

குடிக்கிறது எதுவானாலும், தோடம்பழச் சாறானாலும், ஊற்றுகிறவரின் கையிலிருந்து நீங்களே வாங்குங்கள். ஆடப் போனால், கழிவறைக்குப் போனால், மேசையில் வைத்ததை மறந்துவிட்டு வேறு வாங்குங்கள். குடித்த அளவுக்குப் பொருந்தாத தலைசுற்றல் திடீரென்று வந்தால், "நான் கொண்டுபோய் விடுறன்" என்கிற புது நண்பரோடு போகாமல், அங்கே வேலை செய்கிறவரிடம் சொல்லுங்கள், கப்பலில் டொக்டர் இருக்கிறார்.

கப்பலில் வேலை செய்கிற பிள்ளைகள் இனிமையாகப் பழகுவார்கள், அது அவர்களுடைய தொழில். வேலைக்கு வெளியே பயணியின் அறைக்குள் வர அவர்களுக்குப் பொதுவாக அனுமதி இல்லை, பிடிபட்டால் வேலை போகும். அதை மீறி அழைக்கிற ஒருவர் உங்களுடைய பாதுகாப்பை மட்டும் மதிப்பார் என்று எப்படி நம்புவது?

தாலிக்கொடியும் காப்பும் வீட்டில், அல்லது அறைப் பெட்டகத்தில். கப்பலில் கார்டைக் காட்டியே எல்லாம் வாங்கலாம், அதனால் "என்னுடைய கார்ட் வேலை செய்யவில்லை, உங்களுடையதில் போடுங்க" என்று கேட்பவர்கள் வருவார்கள். தினமும் கணக்கைப் பாருங்கள்.

கரையில் இறங்கும் நாள்தான் எனக்கு மிகவும் பிடித்தது, ஆனால் கவனமும் அன்றைக்குத்தான் கூட வேண்டும். மூன்று நாலு பேராகப் போங்கள், பகலில் போங்கள், மற்றவர்கள் பிரிந்தாலும் தனியாகத் திரும்பி வருவதற்கான காசை உங்கள் கையில் வைத்திருங்கள். பினாங்கில் கப்பல் ஜோர்ஜ் டவுனிலேயே நிற்கும், 1833இல் கட்டிய மாரியம்மன் கோயிலுக்கு நடந்தே போய்வந்தோம். புக்கெட்டில் எங்கள் கப்பல் படொங் குடாவில் நங்கூரம் போட்டுச் சின்னப் படகுகளில் இறக்கியது, அங்கே கடைசிப் படகின் நேரம்தான் கணக்கு. இதில் ஒரு பொறி இருக்கிறது. தாய்லாந்து நேரம் சிங்கப்பூரை விட ஒரு மணித்தியாலம் பின்னால். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடினால், கரையில் உங்கள் போன் தானாக நேரத்தை மாற்றி நாலு மணி என்று காட்டும்போது கப்பலில் ஐந்து. கப்பல் நேரத்தை ஒரு கைக்கடிகாரத்தில் வைத்துக்கொண்டு அதை மட்டும் நம்புங்கள், புது நண்பர் "இன்னும் நேரம் கிடக்குது" என்று சொன்னாலும் எழும்பி வாருங்கள். கப்பல் ஒரு ஆளுக்காக நிற்காது. கடவுச்சீட்டின் பிரதி, கப்பல் கார்ட், அன்றைய தாளில் இருக்கும் துறைமுக முகவரின் (அந்த ஊரில் கப்பலின் காரியங்களைப் பார்க்கிறவர்) நம்பர் மூன்றும் உங்கள் பையில் இருக்கட்டும், யாரிடமும் பாதுகாக்கக் கொடுக்க வேண்டாம்.

நடக்கக் கூடாதது நடந்துவிட்டால், குளிக்காதீர்கள், உடுப்பு மாற்றாதீர்கள். நேரே டொக்டரிடம் போய்ப் பாதுகாப்புப் பிரிவை அங்கே வரச் சொல்லுங்கள், முறைப்பாட்டை எழுத்தில் பதியச் சொல்லிப் பிரதி கேளுங்கள், கமராப் பதிவு அழியாமல் வைக்கும்படி அப்போதே கேளுங்கள். நடுக்கடலில் பொதுவாகக் கப்பல் பதியப்பட்ட நாட்டின் சட்டம்தான், பல கப்பல்கள் பஹாமாசிலும் பனாமாவிலும் பதிந்தவை, அதனால் வீட்டுக்கும் நம் தூதரகத்துக்கும் உடனே தெரியப்படுத்துங்கள். நாடு திரும்பிய பிறகு 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்கும் எடுக்கலாம். வெட்கப்பட வேண்டியது நீங்கள் இல்லை, பிள்ளை.

கடைசி இரவில் பெட்டிகளை அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். அதற்கு முன் பெட்டியைப் பூட்டுங்கள். நம்முடைய ஊரில் யாராவது வெளிநாடு போகிறார் என்றால் தெருவே பார்சலோடு வரும், கச்சான், மிளகாய்த்தூள், மாசி என்று, யாருக்கும் நாம் இல்லை என்று சொல்வதில்லை. அந்தப் பழக்கத்தைக் கப்பலுக்குக் கொண்டுபோக முடியாது. சிங்கப்பூரில் 15 கிராமுக்கு மேல் ஹெரோயின் கடத்தினால் மரண தண்டனை வரை போகும், பெட்டி யாருடையதோ கேள்வி அவரிடம்தான். எங்கள் மேசையிலேயே, மூன்று நாள் அருமையாகப் பழகிய ஒரு அம்மா, தன் பெட்டியில் இடமில்லை என்று ஒட்டிய ஒரு சின்னப் பொதியை என்னிடம் நீட்டினார், உள்ளே மருமகளுக்கு வாங்கிய சோப்பு என்றார். ஈப்போ அக்கா என்னைப் பார்த்தார். "குறை நினையாதீங்க அம்மா, நான் ஒருத்தருடையதையும் கொண்டுபோறதில்லை" என்றேன். அவர் கோபிக்கவில்லை, சிரித்துக்கொண்டே பொதியைப் பிரித்தார், உள்ளே சோப்புத்தான் இருந்தது. மல்லிகை வாசம் மேசை முழுக்கப் பரவியது. அப்போதும் நான் அதை வாங்கவில்லை, அவருடைய பெட்டியை அமத்திப் பூட்ட மட்டும் உதவி செய்தேன்.