பழைய ஹைப்ரிட் காரில் பெரிய இன்ஜின்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல்லாவரத்தில் இருக்கும் என் சித்தப்பா மகனிடம் 2009 மாடல் ஹோண்டா சிவிக் ஹைப்ரிட் (பெட்ரோல் இன்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் கார்) இருக்கிறது. ஒருநாள் வந்து, "வண்டில இழுவையே இல்லண்ணே. கத்திப்பாரா பாலம் ஏறுறதுக்குள்ள திணறிடுது. சாதா சிவிக்கோட 1.8 இன்ஜினை வெச்சிடலாம்னு இருக்கேன்" என்றான். ஒரே பாடி, ஒரே கம்பெனி, சுலபமாக உட்கார்ந்துவிடும் என்று நானும் நம்பினேன். வேலை மாதக்கணக்கில் இழுத்தது. கூடவே நின்று பார்த்தவன் என்பதால், இதே யோசனையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் தவறு, நோயைப் பார்க்காமல் வைத்தியத்தில் இறங்கியது. அந்த காரில் 1,339 சிசி இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் ஒரு மின் மோட்டார் இருக்கிறது. ஏறத்தாழ 1,300 கிலோ வண்டியை இரண்டும் சேர்ந்து இழுத்தால்தான் பிக்கப் இருக்கும். மோட்டாருக்கு மின்சாரம் தரும் பெரிய பேட்டரிக்குப் பதினைந்து வயதானால், அதில் சில செல்கள் மட்டும் சீக்கிரம் காலியாகும். பாலம் ஏறும்போது மீட்டரில் சார்ஜ் கோடுகள் மளமளவென்று இறங்கும். மோட்டார் கைவிட்டுவிடும். அதோடு நிற்காது, அதே மோட்டார் ஜெனரேட்டராக மாறி பேட்டரியை நிரப்பத் தொடங்கும். அந்தச் சுமையும் இன்ஜின் தலையில்தான். ஓட்டுபவருக்கு இன்ஜின் செத்துவிட்டது போலவே தெரியும்.

எங்கள் வண்டியில் இன்ஜினை இறக்கி வைத்த பிறகுதான் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) பார்த்தார்கள். நான்கு சிலிண்டரும் நன்றாக இருந்தன. பின்சீட்டைக் கழற்றியபோது காரணம் கிடைத்தது. பேட்டரியைக் குளிர்விக்கும் ஃபேன் கேபின் காற்றைத்தான் இழுக்கிறது. அதன் இறக்கைகளில் தூசியும் முடியும் சேர்ந்து பஞ்சு மெத்தை போல அப்பியிருந்தது. சித்திரை வெயிலில் கண்ணாடி மூடி நிறுத்திய கார், அடைத்துப்போன ஃபேன், பேட்டரி வேறென்ன செய்யும்? ஆகவே முதலில் ஸ்கேனர் (காரின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறைப் படிக்கும் கருவி) போடுங்கள், செல்களை ஒவ்வொன்றாக அளந்து பாருங்கள். பேட்டரியை மாற்றினாலே பாதிப் பேருக்கு இன்ஜின் மாற்றும் எண்ணம் போய்விடும் என்பது என் கருத்து.

அதற்குப் பிறகும் பெரிய இன்ஜின்தான் வேண்டும் என்றால், குதிரைத்திறனை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. சிவிக் ஹைப்ரிடில் இருப்பது சிவிடி, அதாவது படிப்படியாக இல்லாமல் தொடர்ச்சியாக மாறும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். சின்ன இன்ஜினின் இழுவிசைக்கு அளந்து செய்தது, பெரிய இன்ஜினுக்குத் தாங்காது. 1.8 இன்ஜின் வந்தால் அதன் கியர்பாக்ஸ், டிரைவ் ஷாஃப்ட், இசியு (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்), ஒயரிங் செட், இம்மொபிலைசரோடு (திருட்டுத் தடுப்புப் பூட்டு) சாவி எல்லாம் கூடவே வர வேண்டும். மேனுவல் கியர் என்றால் கிளட்ச் பெடலும் வேண்டும். பழைய வண்டி பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் வெறும் இன்ஜினை விலை பேசித் தூக்கி வந்துவிட்டு, மற்றதைத் துண்டு துண்டாகத் தேடி அலைந்தோம். ஒரே வண்டியிலிருந்து முழு செட்டாக எடுங்கள்.

டொயோட்டா ப்ரியஸ் வைத்திருப்பவர்கள் இந்த யோசனையையே விட்டுவிடுவது நல்லது. அதில் வழக்கமான கியர்பாக்ஸே கிடையாது. ஒரு கோள்பல்சக்கர அமைப்பு (நடுச் சக்கரத்தைச் சுற்றிச் சிறு பல்சக்கரங்கள் சுழல்வது) இன்ஜினின் இழுவிசையில் சுமார் 72 சதவீதத்தைச் சக்கரத்துக்கும் 28 சதவீதத்தை ஒரு ஜெனரேட்டருக்கும் பிரித்துக் கொடுக்கிறது. அந்த ஜெனரேட்டர் எதிர்த்துப் பிடித்தால்தான் சக்கரத்துக்கு விசை போகும். இன்ஜினைப் பெரிதாக்கினால் அதன் பிடியையும் பெரிதாக்க வேண்டும். இன்ஜினை ஸ்டார்ட் செய்வதும் அதே ஜெனரேட்டர்தான், தனியாக செல்ஃப் மோட்டார் இல்லை.

அப்புறம், உயிர் விஷயம். சிவிக் ஹைப்ரிட் பேட்டரி 158 வோல்ட், மூன்றாம் தலைமுறை ப்ரியஸ் 201.6 வோல்ட், மோட்டாருக்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் அதன் இன்வெர்ட்டரில் 650 வோல்ட் வரை ஏறும். இந்த வோல்ட் ஓடும் ஆரஞ்சு நிற ஒயரைத் தொடுவதற்கு முன் சாவியை எடுத்து, பேட்டரியின் மெயின் இணைப்பைத் துண்டித்து, குறைந்தது பத்து நிமிடம் காத்திருந்து, மீட்டர் வைத்து அளந்து பார்க்க வேண்டும். 1,000 வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறை கட்டாயம். வெறுங்கையோடு ஸ்பானரை எடுத்த பையனை நானே கையைப் பிடித்து நிறுத்தினேன். எத்தனை வருட அனுபவம் உள்ள மெக்கானிக்காக இருந்தாலும், ஹைப்ரிட் பழகியவரா என்று கேட்ட பிறகே வண்டியைக் கொடுங்கள்.

எங்களை நடுரோட்டில் நிறுத்தியது இதைவிடச் சின்ன விஷயம். சிவிக் ஹைப்ரிடில் ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது 12 வோல்ட் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவி) கிடையாது. 12 வோல்ட் பேட்டரிக்கு சார்ஜ் வருவது பெரிய பேட்டரியிலிருந்து, ஒரு கன்வெர்ட்டர் வழியாக. எடை குறையட்டும் என்று பெரிய பேட்டரியைக் கழற்றினார்கள். "பழைய வண்டியிலயே ஆல்டர்னேட்டர் இல்லையே சார்" என்று சொல்லி 1.8 இன்ஜினுக்கும் அதை மாட்டவில்லை. முதல்நாள் இரவு சோதனை ஓட்டத்தில் குரோம்பேட்டை தாண்டியதும் ஹெட்லைட் மங்கத் தொடங்கியது. தாம்பரத்துக்கு முன்னால் மீட்டர் விளக்குகள் அணைந்தன, இன்ஜினும் நின்றது. ஜிஎஸ்டி ரோட்டில், பின்னால் லாரிகள் ஹாரன் அடிக்க, மூன்று பேர் ஓரம் தள்ளினோம். ஏசியிலும் இதே கதைதான்: அதன் கம்ப்ரஸரில் ஒரு பாதி பெல்ட்டில் ஓடுவது, மறுபாதி பெரிய பேட்டரியை நம்பியது. எதைக் கழற்றினாலும், அதை நம்பி வேறென்ன ஓடுகிறது என்று முதலில் எழுதிவையுங்கள்.

பிரேக், ரேடியேட்டர், முன்பக்க ஸ்பிரிங் ஆகியவற்றையும் புது எடைக்கும் சூட்டுக்கும் ஏற்ப மாற்ற வேண்டும்.

கடைசியாகப் பார்த்தது காகிதம். அதைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, மீறும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். தம்பியின் வண்டி போலப் பதினைந்து வருடம் முடிந்துவிட்டால், ஆர்.சி. (பதிவுச் சான்று) புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீஸில் நிறுத்தியே ஆக வேண்டும். அங்கே இன்ஜின் நம்பரைப் பார்ப்பார்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனியும் அதைத்தான் பார்க்கும். ரேஸ் டிராக்கில் மட்டும் ஓட்டுவதாக இருந்தால், அங்கே என்ன விதி என்று கேட்டுக்கொண்டு, வண்டியை டிரக்கில் ஏற்றி இருங்காட்டுக்கோட்டைக்குக் கொண்டுபோகலாம்.

தம்பியின் பழைய 1.3 இன்ஜினைச் சாக்கு சுற்றி வீட்டு மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கிறோம். பேட்டரிக்கு நல்ல செல்கள் கிடைத்ததும் அதையே திரும்ப ஏற்றப்போகிறோம்.